தேக்சா உருக்கி வார்த்த புல்லி

ரெமிஜியஸின் அப்பா கன்டோன்மென்டில் ஒரு வெள்ளைக்கார மேஜரின் லாயத்தில் குதிரைக்காரர். மேஜர் குதிரைகளை விற்றுவிட்டு மோட்டார் வாங்கிய வருஷம் அப்பாவுக்கு வேலை போனது. மகனுக்கு மோட்டார் ஷெட்டில் வேலை கிடைத்தது. லாடம் கழற்றியவரின் பிள்ளை டயர் கழற்றப் போனான். அதில் ஏதோ பெரிய முன்னேற்றம் இருப்பதாக மர்பி டவுனில் அப்போது பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குதிரைக்கு முடியவில்லை என்றால் அது நின்றுவிடும். சவுக்கால் அடித்தாலும் நகராது. எஞ்சின் அப்படி இல்லை. அது முனகும், இருமும். நாம் கவனிக்காவிட்டால் விட்டுவிடும். ரெமிஜியஸுக்கு அந்த முனகலைக் கேட்கிற காது இருந்தது. ஒரே ஒரு முறை, கேட்டும் கேட்காதவன் போல இருந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் நிம்மதியாகத் தூங்கியதாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

அவனுக்குக் கல்யாணம் தாமதமாக நடந்தது. பெண் பிரிஜெட், பள்ளிக்கூட டீச்சர். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இருதயத்தைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. மேடு ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைகள் வருவதும், இதைக் கேட்டதும் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போவதுமாக இருந்தது. ரெமிஜியஸ் காப்பியை முழுசாகக் குடித்தான். இன்னொரு தம்ளரும் கேட்டான். இவன்தான் என்று அப்போதே பிரிஜெட்டின் அண்ணன் தியோடர் முடிவு கட்டிவிட்டான்.

தியோடர் பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கிறவன். கல்யாணம், சாவு, மாதா தேர் என்று கன்டோன்மென்டில் அவன் டிரம் கேட்காத தெரு கிடையாது. தங்கைக்கு அவன் கொடுத்த சீர், ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற அலுமினியத் தேக்சா பாத்திர செட். பித்தளை கனம், தங்கை தூக்கமாட்டாள் என்று தேடிப் பிடித்து வாங்கியது. அந்தத் தேக்சாக்களை பிரிஜெட் சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள். உலகச் சண்டை வந்து பேண்டு செட் கலைந்தபிறகு தியோடரும் தங்கை வீட்டோடு வந்துவிட்டான். மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி மூன்று பேரும் பேசுவதில்லை.

சண்டைக் காலத்தில் பெட்ரோலைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகிவிட்டது. பஸ்களின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையை எஞ்சினுக்குக் கொடுத்து ஓட்டினார்கள். கரி காஸ் வண்டி என்று பெயர். பெட்ரோலில் சிங்கமாக இருந்த வண்டி, கரி காஸில் கஞ்சி குடித்த ஆள் போல ஆகிவிடும். ரெமிஜியஸ் ரிப்பேர் பார்க்கிற பிட்டராக இருந்த பஸ்ஸுக்கும் அந்தக் கதிதான். அதன் முதலாளி சேஷகிரி. அவருடைய தாத்தா மைசூர் சர்க்காரில் சிரஸ்தார், பெரிய உத்தியோகம். பேரனுக்கு மிச்சம் இந்த ஒரு பஸ். டிரைவர் ரஹ்மத் பாய். கரி போட்டு நெருப்பைப் பார்த்துக்கொள்கிற கிளீனர், வேறு யார், தியோடர்தான். டிரம் அடித்த கை கரி அள்ளியது.

பஸ் கன்டோன்மென்டிலிருந்து ஓசூர் வரை போகும். பிரிஜெட்டின் பள்ளிக்கூடம் அத்திப்பள்ளிப் பக்கம். திங்கள்கிழமை காலையில் இதே பஸ்ஸில் போய், வாரம் முழுக்க அங்கேயே இன்னொரு டீச்சரோடு தங்கி, வெள்ளிக்கிழமை திரும்புவாள். எல்லாம் சரி. பொம்மசந்திரா கிராமத்தைத் தாண்டியதும் ஒரு மேடு இருந்தது, அதுதான் சரியில்லை. பெட்ரோல் காலத்தில் அப்படி ஒரு மேடு இருப்பதே யாருக்கும் தெரியாது. கரி காஸ் வந்தபிறகு அது மலையாகிவிட்டது. மேட்டடியில் வண்டி நிற்கும். கண்டக்டர், "இளீரி, எல்லாரும் இளீரி!" என்று கன்னடத்தில் கத்துவான். ஜனங்கள் இறங்கி நடப்பார்கள், ஆண்கள் தள்ளுவார்கள். தியோடர் மட்டும் தள்ளமாட்டான். பலாக்கட்டை ஒன்றைக் கயிறு கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தை ஒட்டியே நடப்பான். வண்டி பின்னால் நழுவினால் சக்கரத்துக்கு அடியில் போடுவதற்கு. அந்தக் கட்டைக்கு அவன் வைத்த பெயர் பிஷப். "பிஷப் பின்னால வராம நம்ம வண்டி எங்கயும் ஏறாது" என்பான்.

பிரிஜெட்டும் இறங்கி நடந்தாள். ரெமிஜியஸ் ஒரு திங்கள்கிழமை ஏதோ ரிப்பேருக்காக வண்டியோடு போனபோதுதான் அதைக் கண்ணால் பார்த்தான். பாதி மேட்டில் நின்று, உதடு நீலம் பூத்து, மூச்சை வாயால் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ இறங்காத. முதலாளிகிட்ட நான் பேசறேன்" என்றான்.

"அந்தப் பொண்ணு இடுப்புல புள்ளையத் தூக்கிக்கிட்டு நடக்குது பாருங்க. அது மூத்த புள்ளைக்கு நான்தான் பாடம் சொல்லிக்கொடுக்கறேன். நான் மகாராணி மாதிரி உள்ள உக்காந்து வேடிக்கை பாக்கணுமா?"

முதலாளியிடம் பேசியும் பார்த்தான். சேஷகிரி கெட்டவர் அல்ல. "ஒருத்தரை உட்கார வெச்சா நாளைக்கே பஸ்ஸுல எல்லாருக்கும் இருதய நோய் வந்துடும், ரெமிஜியஸ். எறங்கினா எல்லாரும் எறங்கணும். உட்கார்ந்தா எல்லாரும் உட்காரணும்" என்றார்.

உட்கார்ந்தால் எல்லாரும் உட்கார வேண்டும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான் ரெமிஜியஸ். எல்லாரையும் வைத்துக்கொண்டு வண்டி மேடேறிவிட்டால் பிரிஜெட் இறங்கவேண்டியதில்லையே.

எஞ்சினின் முன்முனையில் பெல்ட் ஓட்டுகிற புல்லி ஒன்று உண்டு. வண்டியோடு வந்தது முன்பே உடைந்து, உள்ளூரில் வார்ப்பிரும்பில் ஒன்று செய்து மாட்டியிருந்தார்கள். செய்தவன் கைக்குக் கஞ்சத்தனம் தெரியாது. ஒன்று போதும் என்கிற இடத்தில் மூன்று பங்கு இரும்பைக் கொட்டியிருந்தான். டைனமோ புல்லியும் விசிறியை ஓட்டுகிற பேன் புல்லியும் அதே ஜாதி. இருக்கிற கொஞ்ச பலத்தில் பாதியை இந்த இரும்புகளைச் சுற்றவைக்கவே எஞ்சின் செலவழிக்கிறது என்பது ரெமிஜியஸின் கணக்கு. முன்பு கோரா சோல்ஜர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள், ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்காக மோட்டார் சைக்கிளில் சுற்றுகிற பாகங்களைக் கடைந்து கனம் குறைத்துக்கொண்டு போவார்கள். அவனே செய்து கொடுத்திருக்கிறான். வண்டி பிய்த்துக்கொண்டு பறக்கும். அந்தப் பந்தயங்கள் சமதரையில் நடந்தன என்பது மட்டும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

புதுப் புல்லி அலுமினியத்தில் வேண்டும். அலுமினியமெல்லாம் ஆகாய விமானம் செய்யப் போய்க்கொண்டிருந்த காலம். கடையில் ஒரு கரண்டி கிடைக்காது. கிடைத்தாலும் வாங்க வக்கில்லை. அவன் சமையல்கட்டில் போய் நின்றான். பிரிஜெட் கேழ்வரகு திரித்துக்கொண்டிருந்தாள். தியோடர் கால் நீட்டி உட்கார்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் திருகைக்கல்லு கனமா இருக்குல்ல? அதான் முதல் சுத்துக்கு உனக்குக் கை வலிக்குது. கல்லு லேசா இருந்தா சட்டுனு சுத்தும்" என்று ஆரம்பித்தான்.

"லேசா இருந்தா கையை எடுத்ததும் நின்னுடுமே" என்றாள் பிரிஜெட், திரிப்பதை நிறுத்தாமல். "கனமான கல்லுதான் நான் மாவு தள்ற வரைக்கும் தானா ஒரு சுத்து சுத்தும்."

அவன் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். தேக்சாக்களைக் கேட்டான். எதற்கு என்றும் சொன்னான். பிரிஜெட் அலமாரியைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"என்னை என்னா பாக்கற? குடுத்தது குடுத்ததுதான். எங்க மாப்ள உனக்குப் பல்லக்கு செய்யறான். குடு!" என்றான் தியோடர்.

அவளே ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்துக் கொடுத்தாள். சின்னது ஒன்றை மட்டும் பால் காய்ச்ச வைத்துக்கொண்டாள். அல்சூரில் வார்ப்படம் செய்கிறவர் தேக்சாக்களைச் சுண்டிப் பார்த்து, இது தனியாக வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும், பழைய பிஸ்டன் இரண்டு சேர்த்து உருக்கலாம் என்றார். அவர் உருக்கி வார்த்துக் கொடுத்ததை ரெமிஜியஸே ஷெட் லேத்தில் கடைந்தான். பேன் புல்லியைப் பழைய தேக்கு நாற்காலிக் காலில் கடைந்து எடுத்தான். பழைய இரும்பைத் தூக்க இரண்டு கை வேண்டும். புதியதை தியோடர் ஒரு விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே தெருவில் நடந்து காட்டினான்.

அந்தத் திங்கள்கிழமை மேட்டடியில் கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் ரஹ்மத் பாய் ஆக்சிலேட்டரில் காலை அழுத்தினார். பொம்மசந்திராவிலிருந்தே வேகம் பிடித்து வந்த வண்டி அதே ஓட்டத்தில் மேட்டில் பாய்ந்து, முக்கால்வாசியில் திணறி, முனகி, உச்சிக்குப் போயே விட்டது. உள்ளே ஜனங்கள் கைதட்டினார்கள். அதே சமயத்தில்தான் ரெமிஜியஸ் காஸை வடிகட்டுகிற பில்டரையும் பிரித்துப் புதுத் தேங்காய் நார் போட்டிருந்தான்; பெருமையில் பாதி அந்த நாருக்குப் போகவேண்டியது. ஆனால் எல்லோரும் புல்லி, புல்லி என்றார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த பிரிஜெட் வெறும் மண்சட்டியில் குழம்பு வைத்துப் பரிமாறினாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சிரிப்பை ரெமிஜியஸ் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

யாரும் இறங்காத வண்டிக்குப் பின்னால் கட்டையோடு யார் நடப்பது? ஓடுகிற பஸ்ஸின் பின்னால் ஓட முடியுமா? தியோடர் பின் ஏணியில் தொற்றிக்கொண்டு வர ஆரம்பித்தான். பிஷப் கொஞ்ச நாள் அவன் காலடியில் ஏணியில் தொங்கியது. பிறகு மூட்டைகளோடு கூரையில் ஏறிவிட்டது. "பிஷப்புக்கு பென்ஷன் குடுத்தாச்சு" என்று தியோடரே தார்ப்பாயை மூடிக் கட்டினான்.

கொஞ்ச நாளில் ரஹ்மத் பாய் ஷெட்டுக்கு வந்தார். "அரே பிட்டர், ஓட்டத்துல ஜோராத்தான் இருக்கு. ஆனா காலை எடுத்தா பட்டுனு அணையுது. கியர் மாத்தறதுக்குள்ள செத்துப் போவுது. முன்னாடி இப்படி இல்லையே?"

ரெமிஜியஸ் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டான். கேட்டவுடனேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. கரி காஸில் எஞ்சின் எப்போதும் ஒரே சீராக வெடிப்பதில்லை. நடுவில் ஒன்றிரண்டு வெடிப்பை விழுங்கும். பழைய இரும்புப் புல்லி தன் கனத்தால் எஞ்சினை இழுத்துப்போய் அடுத்த வெடிப்பில் சேர்க்கும். புதுப் புல்லிக்கு அந்தத் தெம்பு கிடையாது. காலை எடுத்தால் நின்றுவிடும். பிரிஜெட் திருகையடியில் சொன்னதேதான். பழைய புல்லி ஷெட் மூலையில் கிடந்தது. எடுத்து மாட்ட அரை நாள் வேலை. மாட்டினால் திங்கள்கிழமை அவள் இறங்கி நடப்பாள்.

"கரி ஈரமா இருக்கும் பாய். மேட்டுல மட்டும் காலை எடுக்காதீங்க, கியர் மாத்தாதீங்க. அப்புறம் ஒண்ணும் ஆவாது" என்றான்.

ஒன்றும் ஆகவில்லை. வெயில் காலம் முழுக்க ஆகவில்லை. கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஈரக் கரியில் வண்டி தினமும் இருமியது. மனசு கேட்காமல் ரெமிஜியஸ் ஒரு திங்கள்கிழமை எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வரலாமென்று பஸ்ஸில் ஏறினான். முன்சீட்டில் பிரிஜெட் நகர்ந்து இடம் கொடுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிரயாணம் போனதே இல்லை. அவள் பையிலிருந்து வேர்க்கடலை எடுத்து அவன் உள்ளங்கையில் கொட்டினாள். பின்னால் தியோடர் ஏணியில் நனைந்துகொண்டிருந்தான். ரெமிஜியஸ் எழுந்து போய், "உள்ள வா மச்சான், ஏன் நனையற" என்று அவனைக் கூப்பிட்டுக் கடைசி சீட்டில் உட்கார வைத்தான்.

மேட்டில் பாதி ஏறியிருப்பார்கள். எதிரே கரும்புக்கட்டு ஏற்றிய மாட்டுவண்டி சறுக்கிக்கொண்டு குறுக்கே வந்தது. ரஹ்மத் பாய் என்ன செய்வார்? காலை எடுத்தார். எஞ்சின் இருமக்கூட இல்லை. அப்படியே நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிரேக் பிடித்தும் வண்டி சேற்றில் மெல்லப் பின்வாங்க ஆரம்பித்தது. பின்னால் சரிவு, சரிவுக்குக் கீழே ஏரிக்கரைப் பள்ளம். ஜனங்கள் கத்தினார்கள். "கட்டை! கட்டை!" என்று ரஹ்மத் பாய் அலறினார். கட்டை கூரையில், தார்ப்பாய்க்கு அடியில், மூட்டைகளோடு கட்டிக் கிடந்தது. தியோடர் குதித்துவிட்டான். சாலையோரத்துக் கல் ஒன்றைப் புரட்டிச் சக்கரத்தடியில் கொடுத்தான். கல் சேற்றில் வழுக்கியது. ஓடிப்போய் இன்னொன்றை எடுத்துவந்து, அது வழுக்காமல் இருக்கத் தோளையும் கொடுத்து அமுக்கினான். வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி, ஓரத்துப் புளியமரத்தில் போய் முட்டி நின்றது. முதுகில் இருந்த கரி உருளைக்கும் மரத்துக்கும் நடுவே தியோடர் இருந்தான்.

வண்டியில் இருந்தவர்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ரெமிஜியஸ் இறங்கிப் பின்னால் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தியோடருக்கு நினைவு இருந்தது. "தங்கச்சி இறங்கிடிச்சா?" என்று கேட்டான். இறங்கிவிட்டாள் என்றான் ரெமிஜியஸ். "மழையில ஏன் இறக்கின?" என்றான் தியோடர். அதுதான் அவன் கடைசிப் பேச்சு.

போலீஸ் சேற்றின்மேல் குற்றம் சொன்னது. சேஷகிரி தலையில் கைவைத்துக்கொண்டு, விதி என்றார். ரஹ்மத் பாய் தன் காலைத் தானே திட்டிக்கொண்டு ஷெட் வாசலில் உட்கார்ந்து அழுதார். புல்லி என்கிற வார்த்தை ஒருவர் வாயிலும் வரவில்லை. வந்திருந்தால் ரெமிஜியஸுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பழைய பேண்டு செட்காரர்கள் மிச்சமிருந்த சிலர் கல்லறை வரை வாசித்துக்கொண்டு வந்தார்கள். பெரிய டிரம் அடிக்க ஆளில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ரெமிஜியஸ் சமையல்கட்டு வாசலில் நின்று சொன்னான்.

"சேறு இல்ல, பிரிஜெட். புல்லிதான். காலை எடுத்தா நிக்கும்னு எனக்குத் தெரியும். ரஹ்மத் பாய் வந்து சொன்னாரு. நான் மாத்தல."

அவள் அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள். "எனக்கும்தான் தெரியும். ஏணியில அண்ணன் கையில கட்டை இல்லாததை ஒவ்வொரு திங்களும் பாத்தேன். உக்காந்து போற சொகத்துல வாயைத் திறக்கல" என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருந்தால் நன்றாயிருக்கும். அழவில்லை. அவள் அடுப்புப் பக்கம், அவன் வாசல் பக்கம், அப்படியே இருந்தார்கள். அந்த அலுமினியத்தை உருக்கிக் கல்லறைக்கு ஒரு சிலுவை வார்க்கட்டுமா என்று பிறகு ஒருநாள் கேட்டான். "மரச் சிலுவையே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

பழைய இரும்புப் புல்லி எஞ்சினில் ஏறியது. மேட்டடியில் வண்டி நின்றது. "இளீரி" என்றான் கண்டக்டர். இப்போது ஜனங்களே, "டீச்சரம்மா, நீங்க உக்காருங்க, உங்களை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்" என்றார்கள். பிரிஜெட் இறங்கினாள். நேராகப் பின்னால் போய், கூரையிலிருந்து இறங்கிவிட்ட பிஷப் கட்டையின் கயிற்றைக் குனிந்து எடுத்தாள். கூடவே வந்திருந்த ரெமிஜியஸ் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். புதுக் கிளீனர் வந்தபிறகும் திங்கள்கிழமைகளில் அந்தக் கட்டை அவன் கையில்தான்.

வண்டி நகரும். கட்டையோடு அவன் சக்கரத்தை ஒட்டி நடக்கவேண்டும், ஓரடி பின்தங்கக்கூடாது. பாதி மேட்டில் அவளுக்கு மூச்சு முட்டிவிடும். அவள் நிற்பாள். அவனால் நிற்க முடியாது. உச்சியில் கட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் போ, போ என்று ஆட்டிக்கொண்டிருப்பாள்.

அப்படியே அடுத்த பங்குனி வரை நடந்தாள். கடைசியில் பள்ளிக்கூடத்திலேயே, பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது, நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்துப் பிள்ளைகள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்களாம்.

சண்டை முடிந்து பெட்ரோல் வந்தது. கரி உருளைகள் பழைய இரும்புக்குப் போயின. மேடு மறுபடி யாருக்கும் தெரியாத மேடாகிவிட்டது. ரெமிஜியஸ் மட்டும் எப்போதாவது அந்தப் பக்கம் போனால் மேட்டடியில் மணி அடிக்கச் சொல்லி இறங்கிவிடுவான். தலை நரைத்த ஆள் ஒருவர் வண்டிக்குப் பின்னால், கட்டைக் கயிற்றைப் பிடித்திருப்பவர் போலக் கையை வீசாமல் நடந்து ஏறுவதைப் பார்த்து ஒரு புதுக் கண்டக்டர் எரிச்சலோடு கேட்டானாம், "ஏன் பெரியவரே, வண்டிதான் சும்மா ஏறுதே, எதுக்கு எறங்கறீங்க?"

"கொஞ்சம் கனம் குறையட்டும்ப்பா" என்றாராம். அவர் மேலே வந்து சேரும்வரை பஸ் நின்று, பிறகு போயிற்று.